வீட்டுத் தோட்டத்தில் வெண்டை

வீட்டுத் தோட்டத்தில் ஆடியிலும் மாசியிலும் வெண்டை விதைக்கலாம். மாசியில் விதைப்போர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். செடி வளரும்போது வெயிலும் ஏறும்; வெள்ளை ஈக்களும் பெருகும். மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புபவை இந்த ஈக்களே.

முதலில் இலை நரம்புகள் மட்டும் வலைபோல மஞ்சளாகத் தெரியும். பிறகு இலை முழுவதும் வெளுக்கும். காய்கள் சிறுத்து, மஞ்சளித்து, நார் பாய்ந்துவிடும். இது நச்சுயிரி நோய். உரமிட்டாலும் மருந்தடித்தாலும் தாக்கப்பட்ட செடி தேறாது. இன்னும் நாலு காய் பறிக்கலாமே என்று விட்டுவைத்தால், அதிலிருந்து மற்றச் செடிகளுக்கும் நோய் பரவும். அறிகுறி கண்ட அன்றே வேரோடு பிடுங்கி அழித்துவிடவும்.

நோய் வருமுன் காப்பதே நல்லது. நோய் தாங்கும் ரகத்தைத் தேர்ந்து, வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விட்டு விதைக்கவும். களைகளை அகற்றவும். மஞ்சள் வண்ணம் பூசிய தகட்டில் விளக்கெண்ணெய் தடவிச் செடிகளுக்கு நடுவே வைத்தால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டவும். சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலைகளின் அடிப்புறம் நனையத் தெளிக்கவும்.

ஒரு செடியைப் பிடுங்கத் தயங்கினால், பாத்தி முழுவதையும் இழக்க நேரும்.