ஸ்கேன் சி.டி.யில் தாடை எலும்பு: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

சென்ற தீபாவளிக்கு மதுரைக்குப் போயிருந்தேன். பையை இறக்கி வைப்பதற்குள் அம்மா ஒரு சி.டி.யை நீட்டினார். "பல் டாக்டர் எடுக்கச் சொன்ன ஸ்கேன்டா இது. உன் கம்ப்யூட்டர்ல போட்டு, எலும்பு நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

அம்மாவுக்குக் கீழ்த் தாடையில் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்து மூன்று வருடம் ஆகிறது. அந்த இடத்தில் இம்பிளான்ட் வைக்கலாமா என்பதுதான் கேள்வி. எலும்புக்குள் டைட்டானியத்தில் செய்த சிறு திருகைப் பதித்து, அதன் மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவார்கள். திருகு அசையாமல் நிற்க எலும்புக்குப் போதிய உயரமும் வேண்டும், உறுதியும் வேண்டும்.

நான் சாப்ட்வேர் எழுதுபவன், டாக்டர் அல்ல. இருந்தாலும் துணிந்து பார்த்தேன். பார்த்ததில் ஒரு எண்ணைத் தப்பாகப் புரிந்துகொண்டு, அம்மாவை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சி.டி. இருக்கலாம். நான் செய்த தவறை நீங்கள் செய்யாமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

மூன்று வகைப் படங்கள்

பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பது புதிதல்ல. 1896ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வால்க்ஹாஃப் தன் பற்களை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். அதற்கு 25 நிமிடம் ஆனது! இன்று பல் மருத்துவத்தில் மூன்று வகைப் படங்கள் எடுக்கப்படுகின்றன.

முதலாவது, வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய படம். இரண்டு மூன்று பற்கள்தான் தெரியும். ஆனால் மிக நுணுக்கமாகத் தெரியும். இரண்டாவது, டாக்டர்கள் ஓ.பி.ஜி. என்று சொல்லும் நீளமான படம். இரண்டு தாடைகளும் ஒரே படத்தில் விரித்து வைத்தாற்போல் வரும். ஆனால் இதில் எல்லாமே சற்றுப் பெரிதாகத் தெரியும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பெரிதாகாது.

மூன்றாவதுதான் அம்மாவின் சி.டி.யில் இருந்த சி.பி.சி.டி. ஸ்கேன். கூம்பு வடிவில் விரியும் எக்ஸ்ரே கதிர், தலையைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கும். அவற்றைக் கம்ப்யூட்டர் ஒன்றுசேர்த்து முப்பரிமாணப் படமாக்கும். 1990களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் பல் மருத்துவத்திற்காக உருவான முறை இது.

சி.டி.க்குள் என்ன இருக்கிறது?

சி.டி.யைத் திறந்தால் நமக்குத் தெரிந்த ஜேபெக் படம் எதுவும் இல்லை. பெயருக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் கூட இல்லாத பைல்கள் வரிசையாக இருந்தன. டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் விழித்தது. இவை டைகாம் பைல்கள். எந்த நிறுவனத்தின் ஸ்கேனரில் எடுத்தாலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக ஏற்படுத்தப்பட்ட பொது வடிவம். 1993 முதல் இந்தப் பெயரில் வழங்குகிறது.

சாதாரணப் படத்தின் மிகச் சிறிய புள்ளி பிக்ஸல் என்று உங்களுக்குத் தெரியும். முப்பரிமாணப் படத்தில் அதுவே சிறு கனசதுரம், பெயர் வோக்ஸல். ஒரு வோக்ஸலின் பக்கம் 0.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 8 செ.மீ. நீளம், அகலம், உயரம் கொண்ட பகுதியை ஸ்கேன் செய்தால் 400 × 400 × 400, அதாவது 6 கோடியே 40 லட்சம் வோக்ஸல்கள். ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் சுமார் 128 எம்.பி. ஸ்கேன் பைல் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

திறப்பது எப்படி?

பல சி.டி.க்களில் பார்ப்பதற்கான புரோகிராமும் சேர்ந்தே வரும். இல்லையென்றால் 3டி ஸ்லைசர் என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யவும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இது ஆராய்ச்சிக்கானது, சிகிச்சையை முடிவு செய்வதற்கானது அல்ல.

1. சி.டி.யில் உள்ள போல்டர் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யவும். உங்கள் லேப்டாப்பில் சி.டி. டிரைவ் இல்லையென்றால், ஸ்கேன் சென்டரில் பென் டிரைவில் கேட்டு வாங்கலாம்.

2. ஸ்லைசரைத் திறந்து 'ஆட் டைகாம் டேட்டா' பட்டனை அழுத்தவும். பின் 'இம்போர்ட்' மூலம் அந்த போல்டரைத் தேர்வு செய்யவும்.

3. பட்டியலில் நோயாளியின் பெயர் தெரியும். அதைத் தேர்வு செய்து 'லோட்' அழுத்தவும். மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என மூன்று கோணங்களில் தாடை திரையில் வரும்.

வெளிச்சத்தை நம்பாதீர்கள்

திரையில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தால் உறுதி, சாம்பலாகத் தெரிந்தால் பலவீனம் என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஸ்கேன் பைலில் 4,096 அல்லது அதற்கும் மேற்பட்ட சாம்பல் நிற அளவுகள் இருக்கும். சாதாரணத் திரை காட்டுவது 256தான். எந்தப் பகுதியை இந்த 256க்குள் அடக்குவது என்பதை 'விண்டோ லெவல்' என்ற வசதி முடிவு செய்கிறது. அதைத் தேர்வு செய்து மவுஸை இழுத்துப் பாருங்கள். அதே எலும்பு ஒரு நொடியில் கெட்டியாகவும் அடுத்த நொடியில் ஓட்டையாகவும் தெரியும். எலும்பு மாறவில்லை; காட்டும் விதம்தான் மாறியது.

எதை நம்பலாம்?

நீளத்தை நம்பலாம். வோக்ஸலின் அளவு பைலிலேயே எழுதப்பட்டிருப்பதால் மி.மீ. கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். கீழ்த் தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதற்குள்தான் போகிறது. திருகு அதில் பட்டால் உதடு மரத்துப் போகலாம். எனவே திருகின் நுனிக்கும் குழாய்க்கும் இடையே குறைந்தது 2 மி.மீ. விடுவது டாக்டர்களின் வழக்கம்.

அம்மாவின் ஸ்கேனில் எலும்பின் மேல்விளிம்பிலிருந்து குழாய் வரை 13 மி.மீ. இருந்தது. இரண்டைக் கழித்தால் 11. ஆகவே 10 மி.மீ. திருகுக்கு இடம் உண்டு. ஒரு எச்சரிக்கை: எலும்புக்குச் சரியாகக் குறுக்கே வெட்டிய படத்தில்தான் அளக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் உயரம் கூடுதலாகத் தெரியும்.

நான் செய்த தவறு

உயரம் சரி, உறுதி? மவுஸை எலும்பின் மேல் வைத்தால் கீழே ஓர் எண் தெரிந்தது. 310 என்று காட்டியது. இது ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் என்று நினைத்தேன். சி.டி. ஸ்கேனரை உருவாக்கி 1979இல் நோபல் பரிசு பெற்ற காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவு அது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000.

பல் மருத்துவர் மிஷ், தாடை எலும்பை டி1 முதல் டி4 வரை வகை பிரித்திருக்கிறார். டி1 ஓக் மரம் போல கெட்டி. டி4 தெர்மாகோல் போல மென்மை. அந்த அட்டவணையில் 150 முதல் 350 வரை டி4. "எலும்பு தெர்மாகோல் மாதிரி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது. இம்பிளான்ட்டே வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் டாக்டரிடம் போனோம். நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார். "தம்பி, நீங்க பாத்த அட்டவணை ஆஸ்பத்திரியில எடுக்கிற பெரிய சி.டி. ஸ்கேனுக்கு. இது சி.பி.சி.டி. இதுல வர்ற நம்பரை அப்படியே எடுத்துக்கக் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் காரணம் விளங்கியது. பெரிய சி.டி. ஸ்கேனரில் கதிர் மெல்லிய விசிறி போல வரும். தண்ணீரை வைத்து அளவு சரிபார்ப்பார்கள். சி.பி.சி.டி.யில் கதிர் அகன்ற கூம்பாக வருவதால் தலைக்குள் சிதறி, கணக்கைக் கலைக்கிறது. படத்துக்கு வெளியே இருக்கும் தலையின் மற்ற பாகங்களும், பக்கத்துப் பல்லில் உள்ள உலோகமும் எண்ணை மாற்றும். அதே எலும்பை அதே மெஷினில் சற்று நகர்த்தி வைத்தாலே வேறு எண் வரலாம். ஆனால் சாப்ட்வேர் எண்ணுக்குப் பக்கத்தில் கூசாமல் 'எச்.யு.' என்று எழுதிக் காட்டுகிறது. புரோகிராம் எழுதும் நானே அதை நம்பிவிட்டேன்.

அமைப்பை அளக்க வேறு வழி

எலும்பின் உறுதி அதன் அடர்த்தியில் மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் வலைப்பின்னலின் அமைப்பிலும் இருக்கிறது. ஒயிட், ருடால்ஃப் இருவரும் 1999இல் வெளியிட்ட முறையில், எக்ஸ்ரேயில் ஒரு சதுரத்தை வெட்டி எடுத்து, வெளிச்ச வேறுபாட்டை நீக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, வலையை மெல்லிய கோடுகளாக்குகிறார்கள். அந்தக் கோடுகளின் மேல் பல அளவுக் கட்டங்களைப் போட்டு எண்ணினால் 'ஃப்ராக்டல் டைமென்ஷன்' என்ற எண் கிடைக்கும். அது 1க்கும் 2க்கும் இடையில் வரும். வலை சிக்கலாக இருந்தால் எண் கூடும்.

இமேஜ் ஜே என்ற இலவச சாப்ட்வேரில் இந்தக் கட்டம் எண்ணும் வசதி உள்ளது. அம்மாவின் பழைய ஓ.பி.ஜி.யில் செய்து பார்த்தேன். சதுரத்தைச் சற்று நகர்த்தியதும் விடை மாறியது. ஆராய்ச்சிகளிலும் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

ஓ.பி.ஜி.யில் இதைவிட எளிய அடையாளம் ஒன்று உண்டு. தாடையின் கீழ்விளிம்பில் உள்ள கெட்டியான ஓடு, நரம்பு வெளிவரும் துளைக்குக் கீழே 3 மி.மீ.க்கும் மெலிதாக இருந்தால், ஆஸ்டியோபோரோசிஸ் என்ற எலும்பு மெலிவு நோய் இருக்கிறதா என்று பார்க்க டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். இதுவும் ஒரு சந்தேகம்தான்; நோய் என்று முடிவு செய்வது டெக்ஸாவும் டாக்டரும்.

நினைவில் வைக்க வேண்டியவை

* ஸ்கேனை ஜேபெக்காக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அளவுகள் போய்விடும். வேறு டாக்டரிடம் காட்ட டைகாம் போல்டரையே கொடுக்கவும்.

* டைகாம் பைலுக்குள் பெயர், வயது எல்லாம் இருக்கும். முகம் தெரியாத இணையதளங்களில் ஏற்றாதீர்கள்.

* வீட்டில் அளந்து பார்ப்பதற்காக இன்னொரு ஸ்கேன் எடுக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்கேனிலும் கதிர்வீச்சு உண்டு.

* நீங்கள் பார்த்ததைக் கேள்வியாக எழுதி டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள்.

பொங்கல் முடிந்து அம்மாவுக்கு இம்பிளான்ட் வைத்தார்கள். துளையிடும்போது கைக்குத் தெரிந்த இறுக்கத்தையும், திருகை முறுக்கும் கருவி காட்டிய அளவையும் வைத்து, "எலும்பு நல்லாத்தான் இருக்கும்மா" என்றார் டாக்டர். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.