உங்களுக்குத் தெரியுமா? சுத்தியல் கதையும் கலிலியோவின் தந்தையும்

கொல்லன் பட்டறைச் சுத்தியல்கள் இசைந்து ஒலித்தனவாம். எடை போட்டால் 12, 9, 8, 6. அதே எடைகளைத் தந்திகளில் தொங்கவிட்டு பித்தாகரஸ் இசையின் எண் விதியைக் கண்டறிந்தார் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நூல்கள் எழுதிவந்தன. கதை அழகானது, ஆனால் தவறு.

தந்தியின் நீளம் பாதியானால் மேல் ஸட்ஜம், மூன்றில் இரண்டானால் பஞ்சமம். இதுவரை சரி. எடையின் கணக்கு வேறு. அதே தந்தியில் மேல் ஸட்ஜத்தை எட்ட இரு மடங்கு எடை போதாது, நான்கு மடங்கு தேவை, பஞ்சமத்துக்கு 9:4. 16ஆம் நூற்றாண்டில் இதை எடுத்துக்காட்டியவர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய். லூட் என்னும் தந்திக் கருவியை வாசித்த இசைக்கலைஞர் அவர். பழம்பெரும் பெயருக்கு அஞ்சாமல் காதையும் தராசையும் நம்பியவர்!

பெயரின் எழுத்துகளைக் கூட்டிப் பலன் சொல்லும் எண் ஜோதிடர்களும் பித்தாகரஸையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். கூட்டுத்தொகை 25 என்றால் 2+5, ஆக 7 என்பார்கள். அதே 25ஐ எட்டு அடிமான முறையில் எழுதினால் 31. இலக்கங்களைக் கூட்டினால் 4. எழுதும் முறை மாறியதும் பலனும் மாறிவிடுகிறது. பஞ்சமத்தின் நீள விகிதமோ எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறாது.