அளகும் வாட்டும்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், எதிர்ப்பட்ட வறிய பாணனை ஆற்றுப்படுத்துவதாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. எந்நிலத்தில் எவ்வுணவு கிடைக்கும் என்பதை அப்பாணன் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கின்றான். எயினர் குடியிருப்பில் வாடூன் கிடைக்கும். மருதநிலத்து உழவர் மனையிலோ வெண்ணெற் சோறும், அம்மனையில் வளர்ந்த பெட்டைக்கோழியின் வாட்டும் கிடைக்கும் என்பது அவன் கூற்று. வகுப்பறையில் இச்சொற்களுக்கு அகராதிப் பொருள் கூறி அப்பாற் சென்றுவிடுகின்றோம். சற்றே நின்று நோக்கின், ஊனைப் பக்குவஞ் செய்து பேணும் அறிவின் சாரம் இவற்றுள் அடங்கியிருப்பது புலனாகும்.

மரக்கறி உண்ணும் பண்டிதனுக்குக் கோழிக்கறியில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். சொல்லைக் காப்பவன் அச்சொல் குறிக்கும் பொருளையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே என் விடை. அளகு என்னும் பெண்பாற் பெயர் கோழிக்கும் கூகைக்கும் உரியது, மயிலுக்கும் ஏற்கும் என்று மரபியலில் வரையறுத்த தொல்காப்பியர், கோழிக் கூட்டை நோக்காதிருந்து அதனை எழுதியிருக்க முடியாது.

வாடூன் என்பது வாடிய ஊன், உலர்ந்த இறைச்சி. வேட்டுவனுக்கு அடுத்த வேட்டை என்று வாய்க்கும் என்பது தெரியாது. ஆதலின், கிடைத்ததை வற்றவைத்து வைத்துக்கொண்டான். இறைச்சியைக் கெடுப்பன நுண்ணங்கிகள். அவை பெருக ஈரம் வேண்டும். ஈரத்தை அகற்றினால் அவற்றின் பெருக்கம் தடைப்படும். உப்புக்கண்டம் போடும் முறையும் இதுவே. இத்தீவின் வேடர்கள் மரப்பொந்தில் தேனை விட்டு, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்து, பஞ்ச காலத்துக்கென வைத்திருந்ததாக 1681ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் றொபேட் நொக்ஸ் எழுதியுள்ளார். வெயிலும் உப்பும் தேனும் வெவ்வேறு பொருள்களாயினும், நீரைக் குறைத்தல் என்னும் அவற்றின் தொழில் ஒன்றே.

உழவன் நிலை வேறு. அவனுடைய சேமிப்பு முற்றத்தில் உயிரோடு உலாவிற்று. விருந்து வந்தபோதே அளகு வாட்டாகும். ஒரு கோழி ஒரு வேளைக்குக் காணும். எஞ்சியதை வைத்துக் காக்கும் கவலை அவனுக்கில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தது. அக்காலத்தில் இளைஞனாக இங்கு வாழ்ந்த யான் இவ்வுண்மையைக் கண்ணாரக் கண்டேன். கூட்டில் நின்ற கோழியே அயலவரின் குளிர்சாதனப் பெட்டி. அடித்த கோழி அன்றே அடுப்பேறும். மிகுதி மதிலுக்கு மேலாக அடுத்த வீட்டுக்குச் செல்லும்.

வாட்டு என்பதற்கு உரைகாரர் பொரியல் என்று பொருள்படக் கூறுவர். வாடச் செய்தலே வாட்டுதல். தமிழகத்துச் சிற்றூர்களில், இறகு களைந்த கோழிக்கு மஞ்சள் பூசித் தீயிற் காட்டுவதை இன்றும் வாட்டுதல் என்றே வழங்குகின்றனர். நம்மவர் பலர் தோலை உரித்துவிடுவதால் இச்சொல் நம் அடுக்களையில் அருகிவருகின்றது. சொல் அருகுவதோடு, முறையும் அருகிவருவதே என் கவலை.

அம்முறைதான் யாது? முதல் நாள் இரவே கோழியைக் கரப்பின் கீழ் அடைத்து, தீன் இடாது தண்ணீர் மட்டும் வைப்பர். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தீனின்றி இருப்பின் குடல் வெறுமையாகும். அறுக்குங்கால் அழுக்கு இறைச்சியிற் படாது. குருதி முற்றாக வடிய விடுவர். இறகு களைய, கொதிநீரை அன்றி, ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரையே கொள்வர். கொதிநீரில் தோல் வெந்து கிழிந்துபோகும். ஈரலோடு ஒட்டிய பித்தப்பை உடையாதவாறு எடுப்பதில்தான் கைத்திறன் இருக்கின்றது. அஃது உடைந்தால் கறி கசக்கும். வெப்பமானி காணாத மூதாட்டியர் விரல் நுனியால் அறிந்தவை இவை.

இன்று குளிர்சாதனப் பெட்டி வந்துவிட்டது. அதனை யான் பழிக்கவில்லை. ஆனால் அப்பெட்டி நுண்ணங்கிகளைக் கொல்வதில்லை. அவற்றின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துவதே அதன் வேலை. நோயற்றதாய்த் தோன்றும் கோழியிலும் சல்மொனெல்லா என்னும் பற்றீரியா இருக்கக்கூடும். எனவே, உரித்த கோழியை உடனே சமைக்காவிடில், நான்கு மணி நேரத்துள் 4 பாகைக்குக் குளிரச் செய்தல் வேண்டும். அந்நிலையில் ஓரிரு நாள் மட்டுமே வைக்கலாம். நெடுநாள் வைப்பதாயின் உறைநிலைக்குக் கீழே 18 பாகையில் வைத்தல் வேண்டும். உயிர் நீங்கிய சிறிது நேரத்தில் தசை விறைக்கும். பல மணி நேரம் சென்றபின் இளகும். விறைத்த நிலையிலேயே உறையவைத்தால் கறி இறப்பராய் இழுபடும். உறைந்ததை அடுப்படித் திண்ணையில் வைத்து இளக்காது, பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குதல் நலம். பச்சை இறைச்சியின் நீர் சமைத்த உணவிற் சொட்டலாகாது. மச்சச் சட்டியைத் தனியே வைத்த நம் முன்னோர் ஆசாரம் கருதியே அவ்வாறு செய்தனர். ஆயினும் அவ்வழக்கம் இவ்வகையிலும் பயன்பட்டது.

2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாடு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டுக்கு உள்ளாயிற்று. மூடிய குளிர்சாதனப் பெட்டி ஏறக்குறைய நான்கு மணி நேரமே குளிரைக் காக்கும். இறைச்சி நிறைந்த உறைபெட்டி திறவாதிருப்பின் இரண்டு நாள் வரை தாங்கும். இக்கணக்கை அறியாதவர், பெட்டியில் இருந்தது என்னும் ஒரே நம்பிக்கையில் கெட்டதைக் குழந்தைக்கு ஊட்டிவிடுவர். மின்சாரமற்ற தலைமுறை, அடித்த அன்றே உண்டும் பகிர்ந்தும் முடித்தது. பெட்டியை நம்பிய தலைமுறை பகிர்வதையும் குறைத்துக்கொண்டது. நாளெண்ணிப் பார்க்கவும் பழகவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாணாற்றுப்படையின் இப்பகுதியைக் கற்பிக்கும்போது, மாணாக்கரைத் தத்தம் ஆச்சிமாரிடம் அனுப்புங்கள். கோழி வளர்ப்பிலும் பக்குவத்திலும் வழங்கும் சொற்களையும், ஒவ்வொன்றையும் அவ்வாறு செய்வதன் காரணத்தையும் எழுதிவரச் சொல்லுங்கள். விஞ்ஞான ஆசிரியரையும் அவ்வகுப்புக்கு அழையுங்கள். ஆச்சியின் விரலும் வெப்பமானியும் எவ்விடத்தில் ஒத்துப்போகின்றன, எவ்விடத்தில் வேறுபடுகின்றன என்பதை மாணாக்கரே கண்டறியட்டும். அச்சொற்களைத் தெரிந்த கிழவியர் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டிய காலம் இதுவே.