பிழையல்ல, முதல் படி: ஏட்டில் ஏற்பு, வகுப்பறையில் சிவப்பு மை

புது தில்லி: புத்தகத்தைக் குறிக்கும் 'கிதாப்' என்ற ஹிந்திச் சொல்லை முதல் வகுப்புக் குழந்தை 'கதாப்' என்று எழுதினால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? சிவப்பு மையால் சுழித்து, பத்து முறை எழுதச் சொல்வதே நெடுநாள் வழக்கம். மத்திய அரசின் ஆவணமோ வேறு வழியைக் காட்டுகிறது.

தொடக்கக் கல்விக்கான கற்றல் விளைவுகளை என்.சி.இ.ஆர்.டி. 2017-இல் வெளியிட்டது. அதில் முதல் வகுப்பு ஹிந்திப் பாடத்தில் 'ஸ்வ-வர்தனி' இடம்பெற்றுள்ளது. காதில் விழும் ஒலியைக் கொண்டு குழந்தை தானே அமைத்துக்கொள்ளும் எழுத்துக்கூட்டலே அது. படம், கிறுக்கல் ஆகியவற்றைப் போல இதுவும் எழுதக் கற்பதன் ஒரு படிநிலையாக ஏற்கப்பட்டுள்ளது. அதே ஆண்டு பிப்ரவரியில் கல்வி உரிமைச் சட்ட விதிகள் திருத்தப்பட்டு, வகுப்புவாரியான கற்றல் விளைவுகள் அவற்றில் இடம்பெற்றன.

'கதாப்' என்று எழுதிய குழந்தை மூன்று மெய்யொலிகளையும் நெடில் ஆகாரத்தையும் சரியாகவே பிரித்தறிந்துள்ளது. விடுபட்டது இகரக் குறி மட்டுமே. ஹிந்தியில் குறில் இகரக் குறி, தமிழின் கொம்பைப் போல எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலிப்பதோ பின்னால். எனவே இத்தடுமாற்றம் இயல்பானதே. இத்தகைய பிழைகளில் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை ஆங்கிலம் பேசும் குழந்தைகளின் எழுத்தைக் கொண்டு 1971-இல் எடுத்துக்காட்டினார் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ரீட்.

தவறு நிலைத்துவிடுமோ என்ற பெற்றோரின் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. திருத்தவே கூடாது என்பதும் இதன் பொருளன்று. எழுதியதைக் குழந்தையையே படிக்கச் செய்து, சரியான வடிவத்தை அருகே எழுதிக் காட்டுவது ஆசிரியரின் கடமை. தண்டனைக்கு அஞ்சும் குழந்தையோ தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும்; கரும்பலகையைப் பார்த்து எழுதுவதோடு நின்றுவிடும்.

மூன்றாம் வகுப்பை முடிப்பதற்குள் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும். 2026-27-க்குள் இந்நிலையை எட்ட வேண்டும் என்ற இலக்குடன் 'நிபுண் பாரத்' திட்டம் 2021 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஆனால், 2024-ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வின்படி, ஊரகப் பகுதிகளின் மூன்றாம் வகுப்பு மாணவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 27.1 சதவீதம் மட்டுமே.

ஆசிரியர் பயிற்சியும் மதிப்பீட்டு முறையும் மாறினால்தான் ஏட்டில் உள்ள கொள்கை வகுப்பறையை எட்டும். அதுவரை 'ஸ்வ-வர்தனி' அரசு ஆவணத்தில் உறங்கும் ஒரு சொல்லாகவே இருக்கும்.