வேலையும் படிப்பும்: அவசரம் வேண்டாம்

பகலில் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி, இரவில் பி.எட். படிக்கும் ஆசிரியர்கள் நம் பங்குகளில் உண்டு.

இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பணியிலுள்ள பயிற்சி பெற்ற தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்குத் தொலைநிலையில் பி.எட். வழங்குகிறது. குறைந்தது 2 ஆண்டுகள். 5 ஆண்டுகள் வரை முடிக்கலாம். நாமோ 2 ஆண்டிலேயே முடிக்க எண்ணி உடலையும் குடும்பத்தையும் வருத்திக்கொள்கிறோம்.

ஒப்படைப்புகளை வார இறுதியில் எழுதலாம். பயிலரங்கிற்கும் பள்ளிக் கற்பித்தல் பயிற்சிக்கும் நேரில் செல்ல வேண்டும். ஆகவே, சேரும் முன்பே தலைமையாசிரியரிடம் விடுப்பு பற்றிப் பேசிவிடுவோம்.

பங்கினராகிய நாமும் மறைக்கல்வி, பாடகர் குழு என எல்லாவற்றையும் அவர்கள்மீதே சுமத்தாதிருப்போம். களைத்துப்போன ஆசிரியரிடம் பிள்ளைகள் பயில்வதைவிட, பட்டம் ஓராண்டு தாமதமாக வருவது மேல்.