உழவர் இல்லாத விண்கலம்

குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர்கள் ‘வால்-ஈ’ படம் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மேடுகள்தான். ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கி, பிக்ஸார் தயாரித்து 2008இல் வெளிவந்த அந்த அனிமேஷன் படத்தில், மனிதர் கைவிட்ட பூமியில் ஒரு சின்ன ரோபோ குப்பையைக் கட்டிகளாக அமுக்கி வானுயர அடுக்குகிறது. அவர்களுக்கு அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்தில் மேடாய்க் குவிவது மண். பழுப்பு நிலக்கரி 50 முதல் 100 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதில் ஒரு டன் எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மண்ணை ராட்சதச் சக்கர எந்திரங்கள் வாரிக் கொட்டுகின்றன.

படத்தின் அரசியல் வெளிப்படையானது. ‘பை அன் லார்ஜ்’ என்ற ஒரே நிறுவனம் கடையும் நடத்துகிறது, ஆட்சியும் நடத்துகிறது. பூமிக்குத் திரும்பாதே என்று, மனிதர்கள் குடியேறிய ஆக்ஸியம் என்ற விண்கப்பலின் தானியங்கி ஓட்டிக்கு ரகசிய ஆணை இடுவதும் அதுவே. மிதக்கும் நாற்காலியில் பருத்துக் கிடக்கும் பயணிகளைக் கண்டு, குண்டானவர்களைக் கேலி செய்கிறார்கள் என்று சிலர் வருந்தினார்கள். எடையற்ற நிலையில் எலும்பு தேய்ந்ததாகப் படம் காரணம் சொல்கிறது. விண்வெளியில் உடற்பயிற்சி போதாவிட்டால் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதம் ஒன்றரை சதவீதம் வரை குறைவது உண்மை. ஆனால் ஆக்ஸியம் கப்பல் சாயும்போது அத்தனை பேரும் சரிந்து விழுகிறார்களே! அங்கே ஈர்ப்பு இருக்கிறது. அப்படியானால் காரணம் நாற்காலிதான். பூமியிலேயே வாரக்கணக்கில் படுத்திருந்தால் எலும்பும் தசையும் மெலியும். தலைமுறை தலைமுறையாக நடக்கவே விடாதவர்களை விட்டுவிட்டு அந்தப் பயணிகளைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

என்னை உறுத்துவது வேறு. அந்தக் கப்பலில் ஓர் உழவர்கூட இல்லை. பழைய காலணிக்குள் முளைத்த ஒற்றைச் செடியோடு இறங்கும் கேப்டன், பீட்சாகூடச் செடியில் காய்க்கும் என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். செடியை நட்டால் போதுமா? அதற்கு மண் வேண்டும். நெய்வேலியில் ஆழத்திலிருந்து புரட்டிப் போட்ட மண்ணில் மக்கு இல்லை, தழைச்சத்து இல்லை, நுண்ணுயிர்களும் சொற்பம். மழை பெய்தால் இறுகிப்போகும். அதைத் திருத்தத் தொழுவுரம் போட வேண்டும், தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். அதன் வேர் முடிச்சுகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் உண்ணும் உணவாக்குகின்றன. பூஞ்சை இழைகளோ வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பழுப்பு நிலக்கரியிலிருந்தே ஹியூமிக் அமிலம் பிரித்து மண்ணுக்கு இடுவதும் உண்டு. எந்தக் காடு புதைந்து நிலக்கரி ஆனதோ, அதன் மிச்சம் மறுபடி பயிருக்கு உதவுகிறது!

2023 ஜூலையில், நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள்ளேயே எந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது என்றது சுரங்க நிறுவனம். விளைந்து வரும் பயிரை அழிப்பதா என்று உழவர்கள் கொதித்தார்கள். ஆக்ஸியம் கிளம்பிய நாளிலும் யாரோ ஒருவருடைய வயல் பின்னால் கிடந்திருக்கும். அவரைப் படம் காட்டவில்லை.

கடைசியில் பெயர்கள் ஓடும்போது, ஓவியம் ஓவியமாகச் சில நிமிடங்களில் பூமி விளைந்துவிடுகிறது. அந்த நிமிடங்களுக்குள் சுருக்கிவைத்த வருடங்களைத்தான் நான் படமாகப் பார்க்க ஆசைப்படுகிறேன்: விதைத்தது முளைக்காமல் போன வருடத்தையும், பிடுங்கிப் பார்த்த வேரில் முதல் முடிச்சு தென்பட்ட வருடத்தையும்.