சாவி கொடுத்தால் வெந்நீர்

அமெரிக்காவில் ஆர்வி என்று அழைக்கப்படும் வீட்டு வண்டிகளின் பக்கவாட்டில், ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் வெந்நீர்த் தொட்டி இருக்கும். பல வண்டிகளில் அது 6 கேலன். நம் கணக்கில் 23 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கரண்ட் இல்லாத இடத்தில் கேஸில் சூடாகும். முகாமில் மின் இணைப்பு கிடைத்தால், உள்ளே இருக்கும் 1,440 வாட் எலிமென்ட் பார்த்துக்கொள்ளும். 15 டிகிரி செல்சியஸ் தண்ணீர் 60 டிகிரியைத் தொட ஏறக்குறைய 50 நிமிடம் ஆகும், 1.2 யூனிட் செலவு.

குளித்து முடித்த பிறகும் சுவிட்ச் போட்டபடியே கிடக்கும். தொட்டி ஆற ஆற, தெர்மோஸ்டாட் விடிய விடிய மறுபடி சூடேற்றும். ஆறவிட்டு முதலிலிருந்து காய்ச்சுவதுதான் அதிகச் செலவு என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. கணக்கு அப்படி வராது. தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் வெப்பம் வெளியேறும். கொதிக்கக் கொதிக்க வைத்திருக்கும் தொட்டிதான் அதிகம் இழக்கிறது. ஆறிய தொட்டியில் இழக்க ஒன்றுமில்லை.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பில் மொத்தமே 3,600 வாட்தான். ஹீட்டர் மட்டும் 12 ஆம்பியர் இழுக்கும். ஏசி ஓடும்போது யாராவது மைக்ரோவேவைத் தட்டினால் பிரேக்கர் விழுந்துவிடும்.

இதற்குச் சிலர் செய்யும் வைத்தியம்தான் சாவி கொடுக்கும் டைமர். பேட்டரி வேண்டாம், புரோகிராம் வேண்டாம். குமிழைத் திருகும்போது உள்ளே சுருள்வில் முறுக்கேறுகிறது. கூடவே ஒரு வட்டத் தகடும் சுழல்கிறது. தகட்டின் விளிம்பில் ஒரே ஒரு பள்ளம். அதில் உட்கார்ந்திருந்த நெம்புகோல் மேலேறியதும் மின் தொடர்பு கிடைக்கிறது. பழைய அலாரம் கடிகாரம் போலவே, ஒரு சிறு கொக்கி பல்சக்கரத்தைப் பல் பல்லாக மறித்து மறித்து விடுவிக்கிறது. டிக் டிக் ஓசை அதுதான். பள்ளம் திரும்பி வந்ததும் நெம்புகோல் உள்ளே விழ, மின்சாரம் நிற்கிறது. மனிதன் மறந்தாலும் சுருள்வில் தளராமல் இருக்காது. என்னைக் கேட்டால், எந்த ஸ்மார்ட் சுவிட்சுக்கும் இல்லாத நேர்மை இது.

டைமர் தெர்மோஸ்டாட்டுக்கு மாற்று ஆகாது. அதே மின்பாதையில் அதற்கு முன்னால் தொடராக நிற்க வேண்டியது. 12 ஆம்பியரைத் தாராளமாகத் தாங்க வேண்டும் என்பதால் 20 ஆம்பியர் டைமர் பொருத்தம். ஆனால் அதைக் கேஸ் பக்கத்து 12 வோல்ட் பேட்டரி மின்பாதையில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டக் கூடாது. அமெரிக்க மாறுமின்சாரம் நொடிக்கு 120 முறை சுழியைத் தொடுகிறது; தொடுமுனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி அந்த இடைவெளியில் தானே அணைந்துவிடும். நேர்மின்சாரத்துக்கு அந்த இடைவெளி கிடையாது. அதற்கெனத் தரமிட்ட டைமர்தான் வேண்டும்.

தொட்டி காலியாக இருந்தால் டைமரும் காப்பாற்றாது. வெப்பத்தை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இல்லாமல் எலிமென்ட் சீக்கிரமே கருகிவிடும். சிக்கனம் பார்த்துப் பத்துப் பத்து நிமிடமாகத் திருகுவதும் சரியில்லை. 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பு லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகத் தோதான இடம். திருகினால் முழு ஒரு மணி நேரம் திருகுங்கள். மிச்சத்தைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும்.